வெயில்ல காயவெச்ச காது

...நான் என்னா எஞ்சினீயருக்கா படிச்சேன்? மரக்காணத்துல பொறந்து, ரெண்டு தெரு தள்ளி மரக்காணத்துலயே வாக்கப்பட்டவ. என்னைப் போயி உக்கார வெச்சு, ‘அண்ணி, நூத்திப் பத்துன்னா எந்த ஊரு, எரநூத்தி இருவதுன்னா எந்த ஊரு, சொல்லுங்க பாக்கலாம்’னு பரீட்ச வெக்கிறான் உங்க சின்னப் புள்ள இஜாஸு! ‘நீங்க கத்துக்கினு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புங்க’ன்றான். காது கேக்காத மனுஷிக்கு, காது மெஷினுக்கு சார்ஜ் போடறது எப்பிடின்னு, நான் வாயால சொல்லிக் குடுக்கணுமாம்! இத எங்கன்னா வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்க?

மாமி, அந்தக் கால கொஞ்சம் மடக்கிக்குங்க, துணிப் பொட்டி மூட மாட்டேங்குது. காலு! கா...லு! ஆங், அப்பிடி. ஏன் மூஞ்ச சுளிக்கிறீங்க? கத்தாம எப்பிடி சொல்றது? கத்துனாலே பாதிதான் போவுது உங்களுக்கு. நீங்க பாட்டுக்கு தஸ்பீஹ் மணிய உருட்டுங்க. அந்த ஒயரு எதுக்கு இன்னும் காதுல தொங்குது? செத்த மெஷின மாட்டிக்கினு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி உக்காந்திருக்கீங்க. சரி, இருக்கட்டும், அழகாத்தான் இருக்குது. உங்களுக்குக் கேக்குதோ இல்லையோ நான் பேசிக்கினேதான் இருப்பேன். அது உங்களுக்கும் தெரியும், இந்தத் தெருவுக்கும் தெரியும்.

மொதல்ல பாடத்த முடிச்சிடறேன். நாளைக்கு சவுதியில, தம்மாம்ல போயி மெஷின் வெடிச்சுதுன்னா ‘மெஹரு சொல்லவே இல்ல’ன்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.

தோ, இதான் சார்ஜ் பொட்டி. சோப்பு டப்பா சைஸுகூட இல்ல, இதுக்கு வீட்ல இருக்கற மரியாதையப் பாத்தா புது மாப்புள தோத்தான். இதும் முதுகுல ஒரு செவப்புக் குச்சி இருக்குது, தெரியுதா? மேல தள்ளுனா நூத்திப் பத்து. கீழ தள்ளுனா எரநூத்தி இருவது. நம்ம ஊருக்குக் கீழ. தம்மாம்ல இஜாஸு குடியிருக்கற பழைய கட்டடத்துக்கு மேல. அங்க போயி சேந்ததும் மொத வேலையா இத மேல தள்ளணும். திரும்பி இங்க வர்றப்போ ஞாபகமா... ம்ஹூம். அதான் நீங்க திரும்பி வரப் போறதே இல்லையே! மேல தள்ளுனது மேலயே கெடக்கட்டும், எனக்கென்னா.

மறந்துட்டாலும் பயந்துடாதீங்க. கீழ தள்ளி அங்க சொருவுனா ஒண்ணும் ஆவாதாம், சோம்பேறியா ஏறுமாம், அவ்வளவுதான். மேல தள்ளிட்டு இங்க சொருவுனாத்தான் டப்பு! சந்தேகம்னா கீழயே வெச்சுட்டு இஜாஸு வர்றவரைக்கும் கம்முனு இருங்க.

டப்புன்னா என்னான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? போன லீவுக்கு வந்தப்போ ஒரு மிக்ஸி கொண்டாந்தானே, மஞ்ச கலருல, ஏர் ஹோஸ்டஸ் மாதிரி! ‘அண்ணி, இனிமே அம்மிக்கு ரெஸ்டு’ன்னான். நானும் தேங்காயத் துருவி, மொளகா, பொட்டுக்கடல எல்லாம் போட்டு, பிஸ்மி சொல்லிட்டு நிக்கறேன். உங்க பெரிய புள்ள, எம் புருஷன், தாஹா சாயபு, எல்லாம் தெரிஞ்ச மனுஷன், அவருதான் ப்ளக்கப் போட்டாரு. அதுல குச்சியும் இல்ல கிச்சியும் இல்ல, நூத்திப் பத்து மட்டும்தான். கத்துச்சு பாருங்க ஒரு கத்து! மூடி ஒரு பக்கம், சட்னி சீலிங்ல, ஃபீஸு போயி தெருவே இருட்டு. உங்களுக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியல. கட்டில்ல உக்காந்துக்கினு, ‘என்னாடி மழ வருதா’ன்னு மூஞ்சியில இருந்த சட்னியத் தொடச்சீங்க.

சிரிக்கிறீங்க! என்னா நெனப்பு வந்துதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். சிரிங்க சிரிங்க, சிரிச்ச மூஞ்சோட போனாத்தான் எனக்கும் நிம்மதி.

அடுத்தது, ஈரக் கை. தொழுவறதுக்கு ஒளு செஞ்சுட்டு தண்ணி சொட்டச் சொட்ட வந்து ப்ளக்கத் தொடக் கூடாது. தொடச்சுட்டுத்தான் தொடணும். அப்புறம், ஒயரப் புடிச்சு இழுக்கக் கூடாது. நீங்க ஆட்டுக் கயித்த இழுக்கற மாதிரி இழுப்பீங்க, எனக்குத் தெரியும். ப்ளக்கு தலையப் புடிச்சு நோவாம இழுக்கணும். அப்புறம் தலகாணி! சார்ஜ் ஏறும்போது தலகாணிக்கு அடியில வெக்கவே கூடாதாம், அதுக்கு மூச்சு முட்டி சூடாயிடுமாம். இத எப்பிடி நான் உங்களுக்குப் புரிய வெப்பேன்? உங்களுக்கு வெத்தல தலகாணிக்கு அடியில, சாவிக் கொத்து தலகாணிக்கு அடியில, மாத்திர அங்கதான், போன வருஷத்து கேலண்டர் அங்கதான். இதையும் அங்கதான் தள்ளப் போறீங்க.

இன்னும் இருக்குது, இருங்க. இந்த குட்டி பேட்டரி பெரிய பொட்டியில போவக் கூடாது. கைப்பையில. அதுலயும் சில்லறயோட, சாவியோட சேத்துப் போட்டுடாதீங்க. ரெண்டு பக்கமும் இரும்பு பட்டா அதுவா சூடு ஏறி பைய பொசுக்கிடுமாம். தோ பாருங்க, என் தாவணித் துணியில தனியா ஒரு சுருக்குப் பை தச்சு வெச்சிருக்கேன். பச்ச கலரு. என் கல்யாணத்துக்கு மின்னாடி கட்டுன தாவணி அது. யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன். சரி, உங்களுக்குத்தானே.

என்னா, வாங்கிப் பாக்கறீங்க? நூலு பிரியுதா? இல்லையே, நல்லாத்தானே தச்சிருக்கேன். மூஞ்சில வெச்சு வெச்சுப் பாக்கறீங்களே, கசங்கிடும் குடுங்க.

பின்னு! பின்ன மறந்துட்டேன் பாருங்க. அங்க தட்டப் பின்னு, இங்க உருண்ட ஓட்ட. அதுக்குத்தான் இந்தக் கட்டைய வெச்சு மாத்திப் போடறான் இஜாஸு. உங்க பெரிய புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? ஒயரு நுனிய பல்லால கடிச்சு சீவி, ஓட்டையில உட்டு, ரெண்டு நெருப்புக் குச்சியச் சொருவி நிறுத்துவாரு. நிக்கும். நல்லாத்தான் நிக்கும். அன்னிக்கு எமர்ஜென்சி லைட்டுக்கு அப்பிடி சொருவுனாரு பாருங்க... லுங்கி ஒரு பக்கம் பறந்துது, மனுஷன் ஒரு பக்கம் பறந்தாரு. நான் சிரிச்சேன்னு அன்னிக்குப் பூரா சோறு திங்கல. தம்மாம்ல போயி ‘எம் மவன் இப்பிடித்தான் செய்வான்’னு நெருப்புக் குச்சி வித்தைய யாருக்கும் காட்டிடாதீங்க. புடிச்சு உள்ள போட்டுடுவாங்க.

இது என்னா சத்தம்? கீச்சு கீச்சுன்னு? கேட்டுதா உங்களுக்கு? நான் யாரப் போயி கேக்கறேன் பாருங்க! எலி மாமி, எலி. பொட்டிக்குள்ள பூந்துக்கினுதா என்னான்னு தெரியல. புதுசா எடுத்த சில்க்கு சேலை இருக்குது உள்ள. ச்சூ! ச்சூ! ...ஓஞ்சுது. பாருங்க, நீங்க ஒயர சரி பண்ணிக்கினதும் அதுவும் ஓஞ்சுது. எலிக்குக்கூட உங்கமேல பயம்.

என்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், இஜாஸு. அண்ணனும் தம்பியும் டாக்ஸி பேச திண்டிவனம் போயிருக்காங்க. பெருமுக்கல் தாண்டி எங்கியோ ஒரு நல்ல அம்பாசிடரு இருக்குதாம், மெட்ராஸ் ஏர்போர்ட்டு வரைக்கும் மூச்சுவிடாம போவுமாம். விடிஞ்சா கெளம்பணும். விடிஞ்சா நீங்க இந்தக் கட்டில்ல இருக்க மாட்டீங்க.

எனக்கு வர்ற கோவத்துக்கு என்னா பண்றதுன்னே தெரியல மாமி. உம்ராவுக்குன்னுதானே கூட்டிக்கினு போறேன்னு வந்தான்? விசாவும் கையுமா வந்தான், சந்தோஷம், அல்லா கூப்புடறான், போயிட்டு வரட்டும்னு நான்தானே மொதல்ல சொன்னேன்? மக்கா, மதினா பாத்துட்டு, புள்ள வீட்ல கொஞ்ச நாளு இருந்துட்டு, நோம்புக்கு மின்னாடி வந்துடுவாங்கன்னுதானே பேச்சு? நடுவுல இந்த மெஷின் வந்து கெடுத்துது. ‘இங்க வோல்டேஜே சரியில்ல, மெஷின் ஏறவே மாட்டேங்குது, அம்மா இங்க இருந்தா கேக்காத காதோட காலத்த ஓட்டணும். அங்கயே இருக்கட்டும், நான் வெச்சுப் பாத்துக்கறேன்’னுட்டான். ஒரே வார்த்த. உங்க பெரிய புள்ளயும் ‘ம்’னாரு. அந்த மனுஷனுக்குக் காது நல்லாக் கேக்கும், ஆனா எதையும் கேக்க மாட்டாரு. உங்களுக்குக் காது கேக்காது, ஆனா... சரி உடுங்க.

அங்க போனா யாரு இருக்கா? ஃபாயிசா! உங்க சின்ன மருமவ. நல்ல பொண்ணுதான், கொற சொல்லல, ஆனா வாயத் தெறந்து பேசுவாளா அவ? வாய்க்குள்ள கொழுக்கட்ட வெச்ச மாதிரி ‘ம்’, ‘சரி’, ‘ஆச்சு’. முடிஞ்சுது அவளோட பேச்சு. பேசாதவ வீட்டுக்கு காது மெஷின் எதுக்கு? இங்க நான் ஒருத்தி காலைலேருந்து ராத்திரி வரைக்கும் கொட்டறேன், இங்க வேல செய்யாதாம். அவ வாயே தெறக்க மாட்டா, அங்க ஜோரா வேல செய்யுமாம். என்னா நியாயம் இது?

இத்தனைக்கும் இந்த மெஷின நான் எப்பிடிப் பாத்துக்கினேன் தெரியுமா? இஜாஸுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. உங்ககிட்ட சொன்னா என்னா, சொவத்துகிட்ட சொன்ன மாதிரிதான்.

கரண்ட நம்ப முடியுமா நம்ம ஊருல? நீங்களே சொல்லுங்க. ஒரு நேரம் பல்பு மின்மினி மாதிரி எரியுது, ஒரு நேரம் கல்யாண வீடு மாதிரி எரியுது. கடக் காத்துல உப்பு வந்து ஒக்காந்து, லேசா தூறல் போட்டாப் போதும், போஸ்ட்டு மரத்து உச்சியில தீப்பொறி பறக்குது. மிக்ஸிக்கு வந்த கதி உங்க காதுக்கு வரணுமா? மிக்ஸி போனா அம்மி இருக்குது. காது போனா என்னா இருக்குது? அதனால இஜாஸு தெனமும் காலைல நாஷ்டா முடிச்சு, பேட்டரிய இதுல வெச்சு, ப்ளக்கச் சொருவி, ‘அண்ணி, மத்தியானம் வரைக்கும் எடுக்கக் கூடாது’ன்னுட்டு சட்டைய மாட்டிக்கினு போவான் பாருங்க, அவன் தெருக்கோடி திரும்பறதுதான், நான் புடுங்கிடுவேன்.

புடுங்கி? மொட்ட மாடியில, மொறத்துல, மொளகாவோட!

என்னா மாமி, பொரை ஏறிடுச்சா? தண்ணி குடிங்க. தலையத் தட்டறேன் இருங்க.

இதுல என்னா தப்பு இருக்குது? உப்பளத்துல போயி பாருங்க. நம்ம வேலம்மா இல்ல, நமக்கு மோரு கொண்டாந்து குடுக்குமே, அந்த வேலம்மா, அது விடியக் கருக்கல்ல டார்ச் லைட்டோட பாத்திக்கு எறங்குது. பேட்டரி கட்ட சோந்து போச்சுன்னா தூக்கியா போடுது? வரப்புல, உப்பு மேல, வரிசையா படுக்க வெச்சுடுது. உச்சி வெயிலு, கீழ உப்பு வேற கண்ணாடி மாதிரி வெயில அடிச்சுக் குடுக்குது. சாயந்தரம் எடுத்துப் போட்டா திரும்ப எரியுது! நானே கண்ணால பாத்திருக்கேன். அளத்துல அத்தன பேரும் அப்பிடித்தான் செய்றாங்க. மரக்காணத்துல டார்ச் பேட்டரிய காயவெக்காத வீடு எது? ஊருக்கே ஏறுற வெயிலு உங்க காதுக்கு மட்டும் ஏறாதா? கரண்டுன்னா வரும் போவும். வெயிலு எங்க போவப் போவுது?

நல்லா காயவெச்சு, திருப்பித் திருப்பிப் போட்டு, காக்கா தூக்காம காவலு இருந்து, மத்தியானம் அவன் வர்றதுங்காட்டியும் திரும்ப சார்ஜ் பொட்டியில வெச்சுடுவேன். அவன் எடுத்துப் பாப்பான், ‘ஆகா, சூடா இருக்குது, நல்லா ஏறி இருக்குது’ம்பான். உங்க காதுல மாட்டுவான். அஞ்சு நிமிஷம் பேசும். அப்புறம் படுத்துக்கும். ‘வோல்டேஜ் பத்தல’ம்பான். எனக்கு சிரிப்பா வரும். வோல்டேஜ் எங்க வந்துது இதுல? மெஷினே டூப்ளிகேட்டு. அத சொன்னா மனசு ஒடஞ்சு போவான், பாவம், ஆசையா வாங்கியாந்தான்னு நானும் வாய மூடிக்கினேன். நான் வாய மூடிக்கினேன்னா பாத்துக்குங்க!

இன்னிக்குப் பாருங்க, வானம் பூரா மூட்டம். காலைலேருந்து சூரியன் மூஞ்சியே காட்டல. அளத்துல எல்லாம் உப்புக் குவியலுக்கு அவசர அவசரமா கீத்து போட்டு மூடிக்கினு இருக்காங்க. எங்க போயி காயவெக்கிறது? சரி தொலையட்டும்னு அப்பிடியே ப்ளக்குலயே உட்டுட்டேன். பொட்டி கட்டற வேலையில அதப் பாக்கவும் நேரமில்ல. செவப்பு லைட்டு பாட்டுக்கு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கினு கெடந்துது. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்து மெஷின்ல போட்டு உங்க காதுல மாட்டுனேன், சும்மா வழக்கத்த உடக் கூடாதுன்னுதான். வெயில்ல வெச்சப்பவே அஞ்சு நிமிஷம்தான் பேசுச்சு. வெயிலே இல்லாத இன்னிக்கு எங்க பேசப் போவுது?

ஏன் வாசலப் பாக்கறீங்க? நண்டுக்காரியா? ஆமா, அவதான் கூவிக்கினு போறா. அவ வர்ற நேரம் உங்க வயித்துக்குத் தெரிஞ்சுடுது பாருங்க. இன்னிக்கு நண்டு வேணாம், ஏரோப்ளேன்ல வயிறு கடபுடான்னா யாரு பாக்கறது? வேணாம்! நண்டு! வே...ணாம்! அட, ஏன் காதப் பொத்திக்கிறீங்க? காத்தடிக்குதா? ஜன்னல சாத்தறேன் இருங்க.

மாமி, உங்க மடியில கொஞ்ச நேரம் தல வெச்சுக்கவா? முதுகு விட்டுப் போச்சு, குனிஞ்சு குனிஞ்சு. ஆங்... அப்பாடா.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க போனப்புறம் சொல்ல முடியாது பாருங்க. அந்த ரோசாப்பூ போட்ட கண்ணாடி கப்பு, மாமா பாம்பாயிலேருந்து வாங்கியாந்தது, அத ஒடச்சது பூன இல்ல. நான்தான். பூனைய நாலு நாள் வீட்டுக்குள்ள சேக்காம தொரத்துனீங்க, அது பாவம் என்னை ஒரு பார்வ பாத்துது பாருங்க! அப்புறம் உங்க எலுமிச்ச ஊறுகா. ஊரே ஆகா ஓகோன்னு சொல்லுதுன்னு நெனச்சுக்கினு இருக்கீங்க. ஐயோ மாமி! உப்பளம் பக்கத்துல இருந்தா மொத்த அளத்தையுமா அதுல கொட்டணும்? வேலம்மாவே, உப்புலயே நிக்கற பொம்பள, ‘என்னாம்மா இவ்ளோ உப்பு’ன்னுது. நான் ஜாடி ஜாடியா கோழிக்குப் போட்டிருக்கேன். கோழியும் திங்கல.

என்னா குலுங்குறீங்க? கட்டிலு ஆடுது. குளுரா? போர்வ போத்தவா?

நீங்க போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன் மாமி? நெஜமாத்தான் கேக்கறேன். எனக்கு அந்த மொத கொழந்த தங்காம போச்சே, அப்ப இந்த வீட்ல எல்லாருக்கும் காது இருந்துது, ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. ‘அல்லாவோட நாட்டம்’னு சொல்லிட்டு அவங்க அவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க. நான் எண்ண தேய்க்கிறேன்னு உங்க பின்னாடி உக்காந்து, உங்க முதுகுகிட்ட சொல்லி சொல்லி அழுதேன். அதுக்கு நான் வெச்சிருந்த பேருகூட உங்க முதுகுக்குத்தான் தெரியும். நீங்க திரும்பிக்கூட பாக்கல. கைய மட்டும் பின்னாடி நீட்டி எந் தலையத் தடவிக்கினே இருந்தீங்க. என்னா கேட்டுது உங்களுக்கு அன்னிக்கு? ஒண்ணும் கேக்கல. ஆனா தடவுனீங்க.

இப்பவும் தடவறீங்க பாருங்க. ச்சே, கண்ணுல மையி கரையுது. இந்த மெஷின் பாழாப் போவ! இது நல்லா வேல செஞ்சிருந்தா நீங்க இங்கயே இருந்திருப்பீங்க. இஜாஸு உம்ரா முடிச்சு கொண்டாந்து உட்டிருப்பான். எல்லாம் இந்த டூப்ளிகேட் டப்பாவால வந்துது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒரு மத்தியானம் பூரா இது வேல செஞ்சிருந்தா போதுமே! ஏ டப்பா! ஏ நாசமாப் போன டப்பா! உனக்கு என்னா கேடு?

என்னாது?

யாரு பேசுனா இப்ப?

மாமி? நீங்களா? ‘மெதுவாப் பேசுடி, காது பிஞ்சு போவுது’ன்னா சொன்னீங்க?

இல்ல... நான் கத்தறேன்னு உங்களுக்கு எப்பிடி... யா அல்லா. மாமி. கேக்குதா? இப்ப? இப்ப சின்னதா பேசறேன், கேக்குதா? வாயப் பொத்திக்கினு பேசறேன், இப்ப? கேக்குதா!

ஐயோ! ஐயோ ஐயோ ஐயோ! எப்பலேருந்து? ‘எஞ்சினீயருக்கா படிச்சேன்’லேருந்தா? அது மொதல்லயே ஆச்சே! அப்ப மெஷின் செத்துப் போவல? அந்தக் கீச்சு கீச்சு... எலி இல்லையா அது? இஜாஸு சொன்னானே, உசுரு இருந்தா மெஷின் விசிலு அடிக்கும்னு! நான் ச்சூ ச்சூன்னு... இருங்க, நான் எந்திரிச்சுக்கறேன். மடியில படுத்துக்கினு என்னென்னத்த சொன்னேன்? கப்பு! பூன! ஐயோ, ஊறுகா! மாமி, ஊறுகாயப் பத்தி சொன்னது சும்மா வெளையாட்டுக்கு, வேலம்மாதான் அப்பிடி... சிரிக்காதீங்க! வாய மூடி மூடி சிரிச்சுக்கினு உக்காந்திருக்கீங்களே இவ்ளோ நேரமா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என்னா? ‘நீ எங்கடி எடம் குடுத்தே’யா?

சரி, அது எப்பிடி மாமி இன்னிக்கு மட்டும் கேக்குது? தெனமும் அஞ்சே நிமிஷத்துல படுத்துக்கற மெஷின்... இன்னிக்கு வெயிலுகூட இல்லையே, நான் காயவெக்கக்கூட இல்லையே...

என்னா சொல்றீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.

‘வெயிலு இல்லாத அன்னிக்குத்தாண்டி கேக்குது.’

...

அப்ப... வெயிலாலதான்? தெனமும் நான் புடுங்கிப் புடுங்கி மொளகாவோட காயவெச்சதால? அது டூப்ளிகேட் இல்ல, வோல்டேஜும் இல்ல, நான்தானா? நான் புடுங்கினதாலதான் அது ஏறல, அது ஏறலன்னுதான் இஜாஸு ‘அங்கயே இருக்கட்டும்’னான், அதனாலதான் நீங்க... யம்மாடி! உங்கள நாட்ட விட்டே தொரத்துறது ஃபாயிசா இல்ல, வோல்டேஜ் இல்ல, நான்! என் மொறம்! தலையில அடிச்சுக்கணும் போல இருக்குது மாமி. சிரிப்பும் வருது, அழுவையும் வருது, எது மொதல்ல வர்றதுன்னு ரெண்டும் அடிச்சுக்குது.

ஹாரன் சத்தம்! வந்துட்டாங்க. மாமி, மாமி, எங் கையப் புடிங்க. மொறத்த மட்டும் இஜாஸுகிட்ட சொல்லிடாதீங்க. கப்பு ஒடச்சதச் சொல்லுங்க, ஊறுகாயச் சொல்லுங்க, பரவால்ல. மொறம் வேணாம். இல்ல... சொன்னாலும் சரி. சொல்லுங்க. நான் வாங்கிக் கட்டிக்கறேன். நீங்க திரும்பி வந்தாப் போதும்.

வாப்பா தம்பி. டாக்ஸி கெடச்சுதா? நல்ல வண்டியா? ஒண்ணும் இல்லப்பா, தூசி, பொட்டிய எறக்குனேன், கண்ணுல தூசி. உங்க அண்ணன் எங்க, வண்டிகிட்டயா? அம்மாவப் பாரு. நீயே கேளு. கத்தாத, கத்தாத, மெதுவாக் கேளு! நீயே பேசிக்க அம்மாகிட்ட, நான் டீ போடறேன். ...சக்கர எங்க வெச்சேன்? கையில சக்கர டப்பாவ வெச்சுக்கினே தேடறேன் பாரு. ...தோ டீ, புடிப்பா, ஆறிடப் போவுது. எங்க ஓடறான் இவன் டீ டம்ளரோட?

மாமி! என்னா சொன்னீங்க அவன்கிட்ட? அடுப்படியில நான் காதத் தீட்டிக்கினுதான் நின்னேன், ஆனா நம்ப முடியல. ‘மெஹருதான் இன்னிக்கு சார்ஜ் போட்டா, நண்டுக்காரி கூவறதுகூட தெளிவாக் கேக்குது, உம்ரா முடிச்சு நோம்புக்கு மின்னாடி என்னைக் கொண்டாந்து உட்டுடு’ன்னா சொன்னீங்க? ‘எனக்கு சார்ஜ் போடற ஆளு இங்கதான் இருக்கா’ன்னா சொன்னீங்க? அவன் வாசல்ல நின்னு அண்ணன்கிட்ட ‘அண்ணிக்குக் கை ராசி’ன்றான்! கை ராசியாம்! மாடியில காஞ்ச மொளகாவக் கேட்டா அது சொல்லும் என் கை ராசிய!

இருங்க, இருங்க. அப்ப பாடம் பாக்கி இருக்குதே! பாதியில உட்டுட்டேனே நான்! சார்ஜ் பொட்டிய எடுங்க. தோ, இந்த செவப்புக் குச்சி. போனதும் மேல. திரும்பி வர்றப்போ, ஏரோப்ளேன்ல ஏறுறதுக்கு மின்னாடியே, ஞாபகமா, நல்லாக் கேட்டுக்குங்க, இத மட்டும் மறந்துடவே கூடாது... கீழ! கீழ தள்ளிட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள காலு வெக்கணும். எங்க, ஒரு தடவ சொல்லுங்க. ‘போறப்போ மேல, வர்றப்போ கீழ.’ இன்னொரு தடவ. அந்த ரெண்டாவது மட்டும் சொல்லுங்க. ‘வர்றப்போ கீழ.’ ஆங்!

என்னா பண்றீங்க? ஏன் அந்தப் பித்தான திருவறீங்க? ஆஃப் பண்றீங்களா? ‘பேட்டரிய மிச்சம் புடிக்கிறேன், நீ பாட்டுக்குப் பேசு’வா? ஐயோ எந் தங்க மாமி! எனக்காகவா?

மாமி... ஆஃப் பண்ணிட்டீங்கல்ல? நெஜமா ஆஃப்புதானே?

சரி, அப்ப சொல்றேன். அந்த ஊறுகாய நான் வெளையாட்டுக்குச் சொல்லல. போன வருஷம் போட்டது இன்னும் மோசம். அத நம்ம பள்ளிவாச பக்கத்துல ஒரு...

மாமி! ஆஃப் பண்ணுனா எப்பிடி சிரிப்பு வருது உங்களுக்கு? மாமீ!